ஜப்பானில் படிப்பவரின் மனைவி, கணவருக்கு ரெசிடென்ஸ் கார்டு: முதல் தாளிலிருந்து முதல் நீட்டிப்பு வரை

ஜப்பானில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கும் தமிழர்கள் கல்யாணம் முடிந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "மனைவிக்கு ரெசிடென்ஸ் கார்டு எங்கே விண்ணப்பிப்பது?" என்பதுதான். குழப்பம் அந்தக் கேள்வியிலேயே தொடங்குகிறது. ஜப்பானில் வசிக்கும் வெளிநாட்டவரின் அடையாள அட்டையான அந்தக் கார்டுக்கு, புதிதாக வருபவர் எங்கும் தனியாக விண்ணப்பிப்பதில்லை. விண்ணப்பிக்க வேண்டியது தகுதிச் சான்றிதழுக்கு. நம் ஆட்கள் வாயில் அது 'சிஓஇ'. சிஓஇ வந்தால் விசா கிடைக்கும், விசாவோடு இறங்கினால் கார்டை முக்கிய விமான நிலையங்களிலேயே கையில் கொடுத்துவிடுவார்கள்.

ஆகவே உழைப்பில் பெரும்பகுதி சிஓஇக்கு முந்தையது. புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவதும் அங்கேதான். தாள்கள் குறைந்து தடுமாறுகிறவர்களைவிட, ஒரு தாள் இன்னொன்றோடு ஒத்துப்போகாமல் தடுமாறுகிறவர்களே அதிகம். கீழே உள்ள வரிசை அதை மனத்தில் வைத்து எழுதியது. படிக்கிறவரை 'மாணவர்' என்றும், வரப்போகும் மனைவியை அல்லது கணவரைத் 'துணை' என்றும் குறிப்பிடுகிறேன்.

1. தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

துணைக்குக் கிடைக்கும் வசிப்புத் தகுதியின் பெயர் 'கஸோகு தைஸாய்'. பேச்சில் டிபெண்டென்ட் விசா. மாணவர் பல்கலைக்கழகத்திலோ 'செம்மோன்' எனப்படும் தொழிற்கல்லூரியின் பட்டயப் படிப்பிலோ சேர்ந்திருந்தால் துணையை அழைக்கலாம். ஜப்பானிய மொழிப் பள்ளியில் மட்டும் படிப்பவர் இந்த வழியில் அழைக்க முடியாது. அவர் கல்லூரியில் சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

சட்டப்படி மணம் முடிந்திருக்க வேண்டும். நிச்சயதார்த்தம் போதாது. பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் இதில் சேர்க்க முடியாது. துணையும் குழந்தைகளும் மட்டுமே.

"முதலில் டூரிஸ்ட் விசாவில் வரட்டும், இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். குறுகிய காலப் பயண விசாவிலிருந்து தகுதி மாற்றுவதை, தவிர்க்க முடியாத சிறப்புக் காரணம் இருந்தால் தவிரக் குடிவரவுச் சட்டம் அனுமதிப்பதில்லை. டிக்கெட் காசும் போய், 90 நாளும் வீணாகித் திரும்பிப் போக நேரிடும்.

2. பாஸ்போர்ட்டில் பெயரை உறுதிசெய்யுங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய கண்ணி. ஜப்பானிய அலுவலகங்களுக்கு முதலெழுத்து என்ற பழக்கமே தெரியாது. பாஸ்போர்ட்டில் 'கவிதா செல்வராஜ்', கல்யாணச் சான்றிதழில் 'செ. கவிதா', மாமியார் வீட்டில் அடித்த பத்திரிகையில் 'கவிதா முருகன்' என்று இருந்தால் நமக்கு மூன்றும் ஒரே பெண்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மூவர்.

அதனால் எந்தத் தாளையும் தொடுவதற்கு முன் ஒரு முடிவெடுங்கள்: கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றப்போகிறீர்களா, இல்லையா? மாற்றுவதென்றால் இப்போதே மாற்றி, புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் தொடங்குங்கள். இல்லையென்றால் கார்டு கைக்கு வரும்வரை பாஸ்போர்ட்டைத் தொடவே வேண்டாம். சிஓஇ பழைய பெயரில் வந்து பாஸ்போர்ட் புதிய பெயரில் இருந்தால் விசா மேசையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். சிஓஇயின் ஆயுளோ மூன்றே மாதம்.

என் கருத்தைக் கேட்டால், மாற்றாமல் இருப்பதே நல்லது. கணவர் பெயர் மனைவியின் பாஸ்போர்ட்டில் பின்னொட்டாக இருக்க வேண்டும் என்று ஜப்பான் கேட்பதில்லை. உறவை நிரூபிப்பது திருமணச் சான்றிதழ்தான்.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அதுவும் தடையில்லை. ஆனால் படிவத்திலும் விமான டிக்கெட்டிலும் அதே எழுத்து, அதே வரிசை இருக்கட்டும். கார்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில்தான் பெயர் அச்சாகும்.

3. திருமணப் பதிவும் அதன் மொழிபெயர்ப்பும்

கோயில் ரசீது, மண்டபச் சான்று, ஆல்பம் எதுவும் செல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வாங்கிய சான்றிதழ் வேண்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 திருமணம் நடந்து 90 நாளுக்குள் பதியச் சொல்கிறது. மாணவர் பத்து நாள் விடுமுறையில் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்புகிறவராக இருந்தால், அந்தப் பத்து நாளுக்குள்ளேயே பதிவையும் முடிப்பதற்குத் திட்டமிடுங்கள். கையெழுத்துக்கு இருவரும் நேரில் போக வேண்டும். இதை மறந்துவிட்டு விமானம் ஏறிவிட்டால் அடுத்த விடுமுறைவரை எல்லாம் நின்றுவிடும்.

பதிவு அலுவலகத்தில் சான்றிதழைக் கையில் வாங்கும் முன் இரு பாஸ்போர்ட்களையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிறந்த தேதி, தகப்பனார் பெயர், முகவரி எல்லாவற்றையும். அங்கேயே திருத்துவது எளிது.

அடுத்தது மொழிபெயர்ப்பு. வெளிநாட்டு மொழியில் உள்ள தாள்களுக்கு ஜப்பானிய மொழியாக்கம் இணைக்க வேண்டும். அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஜப்பானிய மொழி தெரிந்த நண்பரோ மாணவரோ செய்து, அடியில் மொழிபெயர்த்தவர் பெயரும் தேதியும் எழுதினால் போதும். முத்திரை வாசகம் உட்பட எல்லா வரியும் வர வேண்டும். இதே மொழியாக்கம் நகராட்சி அலுவலகத்திலும் பிறகு தேவைப்படும் என்பதால் கோப்பாகச் சேமித்து வையுங்கள்.

வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்றொப்பமான அப்போஸ்டில் குத்தித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் முகவர்கள் உண்டு. சிஓஇக்குக் கேட்கும் தாள்களின் பட்டியலில் அது இல்லை.

4. வீடு

ஜப்பானிய அரசின் கல்வி உதவித்தொகை வழிகாட்டுதலே, முதலில் மாணவர் தனியாக வந்து தகுந்த வீடு பார்த்தபின் குடும்பத்தை அழையுங்கள் என்கிறது. அனுபவமும் அதையே சொல்கிறது. பல்கலைக்கழக விடுதியின் தனியறையில் இன்னொருவர் தங்கக் கூடாது. தனியார் வீட்டு ஒப்பந்தங்களிலும் 'ஒருவர் மட்டும்' என்ற நிபந்தனை சாதாரணம்.

சிஓஇ படிவத்தில் துணை தங்கப்போகும் முகவரியை எழுத வேண்டும். விடுதி முகவரியை எழுதினால், இருவர் அங்கே எப்படி இருப்பீர்கள் என்ற கேள்வி எழும். இருவர் குடியிருக்க அனுமதியுள்ள வீட்டைப் பிடித்து, முகவரி மாற்றத்தை நகராட்சியில் பதிந்து, மாணவரின் கார்டின் பின்புறம் புதிய முகவரி ஏறியபின் விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகத்தின் குடும்பக் குடியிருப்புகளையும், 'யூஆர்' எனப்படும் அரசுசார் வாடகை வீடுகளையும் முதலில் பாருங்கள். யூஆர் வீட்டுக்கு ஜாமீன்தாரர் தேவையில்லை, வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் 'நன்றிப் பணம்' கிடையாது. மாணவருக்கு அது பெரிய நிம்மதி.

5. பணம்: எவ்வளவு என்பதைவிட எங்கிருந்து என்பது

வேலையில் இருப்பவர் சம்பளச் சான்றும் வரிச் சான்றும் கொடுத்து முடித்துவிடுவார். மாணவரிடம் அது இருக்காது. அவரிடம் கேட்பது இரண்டில் ஒன்று: அவர் பெயரிலுள்ள வங்கி இருப்புச் சான்று, அல்லது தொகையும் காலமும் குறிப்பிட்ட உதவித்தொகைச் சான்று. இவற்றுக்கு இணையாக, துணையின் செலவைத் தாங்க முடியும் என்று காட்டும் வேறு தாள்களையும் சேர்க்கலாம்.

ஜப்பானிய அரசின் உதவித்தொகையில் முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 145,000 யென், முதுகலை மாணவருக்கு 144,000 யென். கல்விக் கட்டணம் தனியாகக் கட்டப்படுவதால் இந்தத் தொகை முழுதும் வாழ்க்கைச் செலவுக்கு நிற்கிறது. தோக்கியோவுக்கு வெளியே இருவர் சிக்கனமாக வாழலாம். குடும்பத்துக்கென்று தனிப்படி எதுவும் தரமாட்டார்கள். எனவே வாடகையைக் கழித்து என்ன மிஞ்சுகிறது என்று மாதச் செலவுக் கணக்கு ஒன்று எழுதி, ஒரே பக்கத்தில் இணையுங்கள். கட்டாயமில்லை. ஆனால் சரிபார்ப்பவர் போட வேண்டிய கணக்கை நீங்களே போட்டுக் கொடுத்தால் கேள்வி குறையும்.

சொந்தச் செலவில் படிப்பவருக்குச் சோதனை கூடுதல். 'இவ்வளவு இருந்தால் போதும்' என்ற அதிகாரப்பூர்வத் தொகை கிடையாது. நண்பர்கள் சொல்லும் எண்ணை நம்பி, விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கடன் வாங்கிப் பெருந்தொகையைக் கணக்கில் போடுவது மிகப் பரவலான தவறு. நேற்று வந்த பணம் நாளை போய்விடும் என்று சரிபார்ப்பவருக்கும் தெரியும். ஊரிலிருந்து அப்பா அனுப்புகிறார் என்றால், அனுப்பிய ரசீதுகள், அவருடைய வருமானச் சான்று, 'மகன் படிப்பு முடியும்வரை இவ்வளவு அனுப்புவேன்' என்ற கடிதம் மூன்றையும் மொழிபெயர்ப்போடு வையுங்கள். தொடர்ந்து வருகிற சிறு தொகை, திடீரென்று விழுந்த பெருந்தொகையைவிட வலுவானது.

பகுதிநேர வேலை வருமானத்தைக் காட்டும்போது எச்சரிக்கை தேவை. மாணவருக்கு அனுமதி வாரம் 28 மணி நேரம், நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம். அதில் ஈட்ட முடியாத தொகை வரிச் சான்றில் தெரிந்தால், துணையின் சிஓஇ ஒருபுறம் இருக்க, மாணவரின் தகுதிக்கே ஆபத்து.

6. படிவம், சமர்ப்பிப்பு

குடிவரவுத் துறையின் தளத்தில் தகுதி வாரியாகப் படிவங்கள் உள்ளன. கஸோகு தைஸாய்க்கு உரியதை மட்டும் இறக்குங்கள். ஒரு பகுதி துணையைப் பற்றியது, இன்னொரு பகுதி ஆதரிக்கும் மாணவரைப் பற்றியது. துணை இந்தியாவில் இருப்பதால் அவர் சார்பில் மாணவரே குடியிருக்கும் பகுதிக்குரிய குடிவரவு அலுவலகத்தில் கொடுக்கலாம். கட்டணம் இல்லை.

கையில் இருக்க வேண்டியவை: நிரப்பிய படிவம், துணையின் 4 × 3 செ.மீ. புகைப்படம், திருமணச் சான்றிதழ் நகலும் மொழியாக்கமும், மாணவரின் கார்டு நகல், பணத்துக்கான தாள்கள். மாணவர் சேர்க்கைச் சான்றையும் வைத்துவிடுங்கள். ஜப்பானில் வாங்கிய சான்றுகள் மூன்று மாதத்துக்குள் வழங்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதால், இருப்புச் சான்றைக் கடைசியாக வாங்குங்கள். கொடுத்த தாள்களைத் திருப்பித் தரமாட்டார்கள். அசல் எதையாவது கொடுக்க நேர்ந்தால் திரும்ப வேண்டும் என்று அப்போதே சொல்லுங்கள்.

படிவத்தில் மூன்று கட்டங்களில்தான் திரும்பத் திரும்பத் தவறு நடக்கிறது. முதலாவது, திருமணம் பதிந்த இடமும் தேதியும். அங்கே எழுத வேண்டியது முகூர்த்த நாளை அல்ல, பதிவு நாளை. சான்றிதழில் இரண்டு தேதியும் இருப்பதால் கண் தவறிவிடுகிறது. இரண்டாவது, முன்பு ஜப்பான் வந்ததுண்டா, சிஓஇ கேட்டு மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்வி. அவர்களிடம் பதிவு இருக்கிறது. பழைய மறுப்பு பெரிய குற்றமல்ல, மறைத்தால்தான் சிக்கல். மூன்றாவது, மாணவருடைய பெயர். அவருடைய கார்டில் உள்ளபடியே எழுதுங்கள், பல்கலைக்கழக அட்டையில் உள்ளபடி அல்ல.

சிஓஇயைத் தாளாகவும் வாங்கலாம், 2023 மார்ச்சிலிருந்து மின்னஞ்சலிலும் வாங்கலாம். மின்னஞ்சலையே கேளுங்கள். தாள் என்றால் அதை இந்தியாவுக்குக் கூரியரில் அனுப்பவே ஒரு வாரம் போகும்.

7. காத்திருக்கும் காலம்

பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம். இடையில் கூடுதல் தாள் கேட்டு அஞ்சலில் கடிதம் வரலாம், அதில் கெடு தேதி இருக்கும். அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டியிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். பெயர் இல்லாத பெட்டியில் போடாமல் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார்கள்.

டிக்கெட்டை இப்போது எடுக்க வேண்டாம். வேலையை விடுவதும் சிஓஇ வந்தபிறகு இருக்கட்டும்.

மறுத்துவிட்டால் உடனே அதே தாள்களோடு மீண்டும் விண்ணப்பிக்காதீர்கள். அலுவலகத்துக்கு நேரில் போனால் காரணத்தைச் சொல்வார்கள். அது பெரும்பாலும் ஒருமுறைதான் கிடைக்கும் வாய்ப்பு. ஜப்பானியம் நன்றாகத் தெரிந்தவரைக் கூட்டிப்போய், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அந்தக் குறையை மட்டும் நேர்படுத்தி மறுபடியும் கொடுங்கள். மேல்முறையீடு என்று அலைவதைவிட அது விரைவானது.

8. சென்னையில் விசா

சிஓஇ வந்ததும் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சென்னையில் உள்ள விஎஃப்எஸ் விண்ணப்ப மையம் வழியாகக் கொடுக்கிறார்கள். பாஸ்போர்ட், விசா படிவம், சிஓஇயின் அச்சுப்படி, புகைப்படம். இந்தப் புகைப்படம் 45 × 35 மி.மீ. சிஓஇக்கு எடுத்ததும் இதுவும் ஒரே அளவல்ல. ஸ்டூடியோவில் ஒரே நாளில் இரண்டு அளவிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிஓஇ வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் இறங்கிவிட வேண்டும். விசா கிடைத்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆடி கழியட்டும், நல்ல நாள் பார்க்கட்டும் என்று வீட்டில் தள்ளிப்போடும்போது இந்தக் கணக்கைக் காலண்டரில் வட்டமிட்டுக் காட்டுங்கள்.

9. விமான நிலையத்தில் கார்டு

நரிதா, ஹனேதா, சூபு, கன்சாய், நியூ சிதோசே, ஹிரோஷிமா, ஃபுகுவோகா ஆகிய விமான நிலையங்களில் இறங்கினால் கார்டு கையோடு கிடைக்கும். வேறு நிலையங்களில் 'கார்டு பின்னர் வழங்கப்படும்' என்று பாஸ்போர்ட்டில் குறித்து, முகவரி பதிந்தபின் அஞ்சலில் அனுப்புவார்கள். சிஓஇயின் அச்சுப்படியைக் கைப்பையில் வையுங்கள். அது செக்-இன் பெட்டிக்குள் போய்விட்டால் குடிவரவு மேசையில் எடுத்துக் காட்ட முடியாது.

கார்டை வாங்கியதும் அந்த மேசையை விட்டு நகர்வதற்கு முன் பெயர், பிறந்த தேதி, தகுதி, காலாவதி நாள் நான்கையும் படியுங்கள். முகவரி இடத்தில் முகவரி இருக்காது, அது தவறல்ல. வேலைக் கட்டுப்பாடு என்ற வரியில் வேலைக்கு அனுமதியில்லை என்றிருக்கும், அதுவும் சரியே.

அன்றிலிருந்து கார்டு எப்போதும் உடன் இருக்க வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்டவர் கார்டை எடுத்துச் செல்லாவிட்டால் 200,000 யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பக்கத்துக் கடைக்குப் போனாலும் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

10. நகராட்சி அலுவலகம்: 14 நாளுக்குள்

வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் சிட்டி ஆபீஸ் அல்லது வார்டு ஆபீஸில் முகவரியைப் பதிய வேண்டும். கார்டின் பின்புறத்தில் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள். 90 நாள் கடந்தும் பதியாவிட்டால் தகுதியையே ரத்து செய்ய முடியும்.

கார்டையும் பாஸ்போர்ட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இங்கே கோட்டை விடுகிறார்கள். திருமணச் சான்றிதழும் அதன் ஜப்பானிய மொழியாக்கமும் கண்டிப்பாக வேண்டும். மாணவர்தான் குடும்பத் தலைவர், 'செதாய்னுஷி'. அவருக்கு இவர் மனைவி என்பதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் குடும்பப் பதிவில் 'மனைவி' என்று ஏறாது, பொதுவாக உறவினர் என்று ஏறிவிடும். பிறகு 'ஜூமின்ஹ்யோ' எனப்படும் வசிப்புப் பதிவுச் சான்றை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது இடறும்.

அதே நாளில் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். சேர்ந்தால் மருத்துவமனையில் கட்ட வேண்டியது 30 சதவீதம்தான். வருமானம் இல்லை என்று வருமான அறிவிப்பையும் கொடுத்தால் சந்தா குறையும். அறிவிக்காவிட்டால் 'வருமானம் தெரியவில்லை' என்று வைத்துக்கொண்டு குறைப்பைத் தரமாட்டார்கள்.

ஓய்வூதியத்தைப் பலரும் மறக்கிறார்கள். 20 முதல் 59 வயது வரை எல்லாரும் தேசிய ஓய்வூதியத்தில் சேர வேண்டும். மாணவருக்கு மாணவர் சலுகை உண்டு. துணைக்கு அது பொருந்தாது, அவர் வருமானக் குறைவு என்ற பெயரில் தனியாக விலக்குக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் மாதாமாதம் பாக்கி ஏறிக்கொண்டிருக்கும்.

பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஜப்பானிய எழுத்தான கதகானாவில் எப்படி எழுதுவது என்று இங்கேயே முடிவுசெய்து, வங்கி, காப்பீடு, செல்போன் எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்துங்கள். ழ, ள, ற எல்லாம் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக மாறும். ஒரு சீட்டில் எழுதி கார்டுடன் வைத்திருப்பது உதவும்.

11. வேலைக்கு அனுமதி

புதிதாக வரும் மாணவர் வேலை அனுமதியை விமான நிலையத்திலேயே வாங்கியிருப்பார். துணைக்கு அந்த வசதி இல்லை. வந்தபின் குடிவரவு அலுவலகத்தில் கூடுதல் செயல்பாட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணமில்லை. அனுமதி கார்டின் பின்புறம் பதியப்படும். அது பதியும் முன் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது.

அளவு வாரம் 28 மணி நேரம். மாணவருக்குள்ள விடுமுறைச் சலுகை துணைக்குக் கிடையாது, ஆகஸ்ட்டிலும் 28தான். இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. நீட்டிப்பின்போது வரிச் சான்று எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

12. ஊருக்குப் போய்வருவதும் நீட்டிப்பும்

ஊருக்குப் போகும்போது விமான நிலையத்தில் நிரப்பும் மறுநுழைவு அட்டையில் 'திரும்பி வருவேன்' என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். அதைத் தவறவிட்டால் தகுதி அன்றே முடிந்துவிடும், சிஓஇயிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். குறியிட்டால் ஓராண்டுக்குள், கார்டின் காலாவதி அதற்கு முன் வந்தால் அதற்குள், திரும்ப வேண்டும். இதை வெளிநாட்டிலிருந்து நீட்டிக்க முடியாது. பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் கவனியுங்கள். ஓராண்டுக்கு மேல் தங்க வாய்ப்பிருந்தால், புறப்படும் முன்பே குடிவரவு அலுவலகத்தில் முறையான மறுநுழைவு அனுமதி வாங்குங்கள்.

நீட்டிப்புக்குக் காலாவதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 2025 ஏப்ரலில் கட்டணம் உயர்த்தப்பட்டு நேரில் 6,000 யென், இணையத்தில் 5,500 யென் ஆனது. போகும் முன் அன்றைய கட்டணத்தைத் தளத்தில் பாருங்கள். மாணவரும் துணையும் ஒரே நாளில் சேர்ந்து கொடுங்கள், துணையின் காலம் மாணவரின் காலத்தை ஒட்டியே தரப்படுகிறது. காலாவதிக்கு முன் கொடுத்துவிட்டு முடிவு வராமல் இருந்தால், முடிவு வரும்வரை அல்லது காலாவதியிலிருந்து இரண்டு மாதம் வரை, எது முந்தியோ அதுவரை தங்கலாம்.

துணை மை நம்பர் அட்டை (தனிநபர் அடையாள எண் அட்டை) வாங்கியிருந்தால், புதிய கார்டு வந்ததும் அதன் காலத்தையும் நகராட்சியில் நீட்டியாக வேண்டும். அது தானாக நீளாது, பழைய தேதியோடு காலாவதியாகிவிடும்.

மாணவர் படிப்பை முடித்து வேலை விசாவுக்கு மாறினால் துணையின் தகுதி அதே கஸோகு தைஸாய்தான். வேலை தேடுவதற்கான தகுதிக்கு மாறினாலோ துணையும் கூடவே தகுதி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய மூன்று மாதங்களில் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.